கிராணியாரைக் கேளுங்கள்: ஒட்டுநாடாவில் தொடங்கி ஒலிநாடாவில் முடிந்த கதை

சென்ற இதழில், ஈப்போவில் ஒரு பேரங்காடி வாசலில் காவல் நிற்கும் தம்பி ஒருவர், "எங்கள் வேலைக்கு யார் மதிப்புத் தருகிறார்கள்?" என்று கேட்டிருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி போய் வீட்டுக்குப் போனதே ஒரு காவலாளியின் கண்ணால்தான் என்று இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துக்கொண்டேன். அந்த இரண்டு வரி என்னை விடுவதாக இல்லை. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு வரும் கடிதங்கள் வழக்கமாகச் சேமநிதி, நிலப்பட்டா, மருமகள் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்த மாதம் பாதிக்கு மேல் நிக்சனைக் கவிழ்த்த அந்த வாட்டர்கேட் விவகாரம். சுங்கை சிப்புட் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் மீன்காரரும் அதையே கேட்கிறார். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. மருமகள்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

லாரி ஓட்டுநர், கோல கங்சார்: கிராணி ஐயா, அந்தக் காவலாளி அப்படி என்னதான் கண்டுபிடித்தார்? துப்பாக்கியா, பிணமா?

ஒரு துண்டு ஒட்டுநாடா, தம்பி. பெட்டி கட்டும்போது ஒட்டுகிறோமே, அது.

வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றங்கரையில் வாட்டர்கேட் என்று ஒரு கட்டடத் தொகுதி. ஹோட்டல், குடியிருப்பு, அலுவலகம் எல்லாம் சேர்ந்தது. அதன் 6ஆம் மாடியில் நிக்சனுக்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகம் இருந்தது. 1972 ஜூன் 17, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயது கறுப்பின இளைஞர் அங்கே இரவுக் காவல். சுற்றி வந்தபோது கார் நிறுத்தும் இடத்துக் கதவின் தாழ்நாக்கில் நாடா ஒட்டியிருப்பதைப் பார்த்தார். கதவு சாத்தினாலும் பூட்டிக்கொள்ளாது. யாரோ வேலைக்காரர்கள் மறந்து விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்து உரித்துப் போட்டார். எதிர்ப்பக்கம் போய்ச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தால், அதே கதவில் புதிதாக நாடா!

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உள்ளே நுழைந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கார்ட், சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர். அப்படிப்பட்டவர்களுக்கு, உரிக்கப்பட்ட நாடாவைப் பார்த்ததும் 'யாரோ கவனித்துவிட்டார்கள், ஓடு' என்று தோன்றவில்லை. இன்னொரு துண்டு கிழித்து ஒட்டிவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். பெரிய இடத்து ஆள் நாம், நமக்கு என்ன ஆகப் போகிறது என்ற நினைப்பு கண்ணை மறைக்கும்.

வில்ஸ் போலீசுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஐந்து பேரும் கையில் ரப்பர் உறை, ஒட்டுக்கேட்கும் கருவி, அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட புத்தம் புதிய 100 டாலர் நோட்டுகள் ஆகியவற்றோடு பிடிபட்டார்கள். ஒருவர் வைத்திருந்த முகவரிப் புத்தகத்தில் வெள்ளை மாளிகையோடு தொடர்புடைய ஹோவர்ட் ஹண்ட் என்பவரின் பெயர் இருந்தது. அந்த நோட்டுகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மறுதேர்தல் குழுவின் பணப்பெட்டி வந்தது.

தையற்கடை வைத்திருக்கும் வாசகி, சாலாக்: அவர்கள் எதையும் திருடிக்கொண்டு போகவில்லையே. எங்கள் கடையில் தையல் இயந்திரத்தையே தூக்கிப் போனார்கள். போலீஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திருடாத திருட்டுக்கு ஏன் ஐயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

இயந்திரம் போனது கேட்டு வருந்துகிறேன், அம்மா. உங்கள் கேள்வியை அன்றைக்கு வெள்ளை மாளிகையும் கேட்டது. நிக்சனின் செய்தித் தொடர்பாளர் இதை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று சொல்லித் தள்ளினார்.

உங்கள் கடையில் புகுந்தவன் கையில் கடப்பாரை இருந்திருக்கும். நிக்சன் கையில் இருந்தது அரசாங்கம். ஐவர் பிடிபட்ட ஆறாம் நாள், ஜூன் 23 அன்று, அதிபர் தம் தலைமை உதவியாளர் ஹால்டிமனோடு உட்கார்ந்து பேசுகிறார். என்ன பேச்சு? சி.ஐ.ஏ.வைக் கொண்டு, வழக்கை விசாரிக்கும் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையிடம், 'இது நாட்டின் இரகசியம் தொடர்பான விஷயம், மேலே தோண்டாதே' என்று சொல்ல வைப்பது. அதாவது ஒரு துறையை ஏவி இன்னொரு துறையின் வாயைக் கட்டுவது. திருடன் போலீஸ்காரனுக்கு லஞ்சம் கொடுப்பது ஒரு வகை. போலீஸ்காரனுக்குச் சம்பளம் கொடுப்பவனே திருடனுக்கு மாமனாக இருப்பது வேறு வகை.

அது மட்டும் இல்லை. அவர்களிடம் எதிரிகள் பட்டியல் என்று ஒன்று இருந்தது. கட்சிக்காரர்கள், பத்திரிகையாளர்கள், நடிகர்கள்கூட இருந்தார்கள். 1972 செப்டம்பரில் வருமான வரித்துறை ஆணையர் ஜானி வால்டர்ஸ் என்பவரை வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன் கூப்பிட்டு, நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, இவர்கள் கணக்கைக் கிளறுங்கள் என்றார். வால்டர்ஸ் தமக்கு மேலே இருந்த நிதியமைச்சரிடம் கலந்துகொண்டு, பட்டியலை உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். ஒரு பெயரையும் தொடவில்லை. அவரை நியமித்ததே நிக்சன்தான்.

எல்ஸ்பெர்க் என்பவர் வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார் என்பதற்காக, அவருடைய மனநல மருத்துவரின் அறையை 1971 செப்டம்பரில் உடைத்துப் புகுந்ததும் இதே கூட்டம். நோயாளி மருத்துவரிடம் அழுததைத் தேடி அதிபர் மாளிகை ஆட்கள் அலமாரியை உடைக்கிறார்கள் என்றால், தையல் இயந்திரத்தைத் தூக்கியவன் எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்: நிக்சனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள் என்று எங்கள் அப்பாவும், அவராகவே விலகினார் என்று மாமாவும் சண்டை போடுகிறார்கள். யார் சரி?

மாமா. ஆனால் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் அதிபரை நீக்கக் கீழவை குற்றஞ்சாட்ட வேண்டும். பிறகு மேலவையில் 100 பேரில் 67 பேர் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். 1974 ஜூலை கடைசியில் கீழவையின் நீதிக்குழு மூன்று குற்றச்சாட்டுகளுக்கு ஒப்புதல் கொடுத்தது: நீதியைத் தடுத்தது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, கேட்ட ஆவணங்களைக் கொடுக்க மறுத்தது. இரண்டாவதற்குத்தான் அதிக ஆதரவு, 28க்கு 10. அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்களும் அதில் கை தூக்கினார்கள். முழு அவை வாக்களிக்கும் முன்பே, கட்சிப் பெரியவர்கள் நேரில் போய் 'மேலவையில் உங்களுக்கு ஆள் இல்லை' என்று நிலவரத்தைச் சொன்னார்கள். ஆகஸ்ட் 9 நண்பகலோடு விலகிக்கொண்டார். பதவியில் இருக்கும்போதே விலகிய அமெரிக்க அதிபர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

இன்னொரு விஷயத்தையும் அப்பாவிடம் சொல்லுங்கள்: திருட்டு நடந்து ஐந்து மாதத்தில் நடந்த தேர்தலில் அதே மனிதர் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இலை முழுக்கச் சோறு இருக்கும்போது பக்கத்து இலை அப்பளத்துக்குக் கை நீட்டிய கதை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை சிப்புட்: தம்மை விசாரிப்பவரையே அதிபர் வேலையை விட்டுத் தூக்கினார் என்று படித்தேன். அது எப்படிச் சாத்தியம்? அப்படி ஒன்று நம் நாட்டில் நடக்குமா?

ஆசிரியர் ஐயா, பதில் தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது.

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், அதிபரின் அறையில் பதிவான ஒலிநாடாக்களைத் தரச் சொல்லி விடாப்பிடியாக நின்றார். அந்த அறையில் பேச்செல்லாம் தானாகப் பதிவாகிறது என்பதே அந்த ஜூலையில்தான், ஒரு முன்னாள் உதவியாளர் மேலவைக் குழுவில் வாய் திறந்தபோது, உலகுக்குத் தெரிந்தது. காக்ஸை நீக்கு என்று நிக்சன், சட்டத்துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சனிடம் சொன்னார். அவர் மாட்டேன் என்று விலகினார். அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஸ்ஹவுஸிடம் சொன்னார். அவரும் மாட்டேன் என்று போனார். மூன்றாவதாக வந்த ராபர்ட் போர்க் என்பவர் கையெழுத்துப் போட்டார். தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒருவரை வேலைக்கு வராதே என்று சொல்லத் தண்டல் மறுத்து, சின்ன கிராணி மறுத்து, கடைசியில் வாய்த்த ஒருவர் சொன்னது மாதிரி. ஆனால் ஊர் கொதித்துவிட்டது. வாஷிங்டனுக்குத் தந்திகள் மலையாகக் குவிந்தன. வேறு சிறப்பு வழக்கறிஞரை நியமிக்க வேண்டியதாயிற்று. அப்படி வந்த ஜவோர்ஸ்கியும் அதே நாடாக்களைத்தான் கேட்டார். 1974 ஜூலை 24இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று கொடுக்கச் சொல்லிவிட்டது. அந்த எட்டுப் பேரில் மூவர் நிக்சன் நியமித்தவர்கள்.

நம் நாட்டில் அதிபர் இல்லை, பிரதமர். மற்றபடி, 2015 ஜூலை 28ஆம் தேதிச் செய்தித்தாளை நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் விவகாரத்தை விசாரித்த பணிக்குழுவில் இருந்த சட்டத்துறைத் தலைவர், உடல்நலக் காரணம் சொல்லப்பட்டு மாற்றப்பட்டார். அதே நாளில், அந்த விவகாரத்தில் விளக்கம் கேட்டுப் பேசிய துணைப் பிரதமரும் அமைச்சரவையிலிருந்து போனார். எங்கள் தபாலாபீஸ் பக்கத்துத் தேநீர்க் கடையில் அன்றைக்கு யாருக்கும் சர்க்கரை போட ஞாபகம் இல்லை. 2018 மே 9 தேர்தலில் அந்த ஆட்சி போனது. 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்.ஆர்.சி. பற்றிய வழக்கில் 4 கோடியே 20 லட்சம் வெள்ளிக்காக முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 ஆண்டு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த தேதியைப் பாருங்கள்: 2020 ஜூலை 28. சட்டத்துறைத் தலைவர் போய்ச் சரியாக ஐந்து ஆண்டு. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. தேதிக்கே இருக்கும் குறும்பு.

பலசரக்குக் கடைக்காரர், லிந்தாங்: தப்புச் செய்தவர் ஒரு நாளாவது உள்ளே இருந்தாரா?

இல்லை, ஐயா. பின்னால் வந்த ஃபோர்டு, ஒரு மாதத்தில், செப்டம்பர் 8 அன்று, வழக்கே போடுவதற்கு முன் முழு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். செய்த குற்றத்துக்கும், செய்திருக்கக்கூடிய குற்றத்துக்கும் சேர்த்து. உள்ளே போனவர்கள் சொல்கேட்டு நடந்தவர்கள்: ஹால்டிமன், இன்னோர் உதவியாளர் எர்லிக்மன், முன்னாள் அட்டர்னி ஜெனரல் மிட்செல். நம் நாட்டில் தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் முடிந்து, சிறைக்குப் போன பிறகுதான் மன்னிப்பு வாரியம் 12ஐ 6 ஆக்கியது. அந்த வரிசையையாவது நாம் ஒழுங்காகக் காப்பாற்றினோம் என்று நான் சொன்னால் என் பேரன் என்னை முறைக்கிறான்.

கல்லூரி மாணவர், தஞ்சோங் ரம்புத்தான்: அந்தப் பதினெட்டரை நிமிடம்?

திருட்டுக்கு மூன்றாம் நாள் நடந்த பேச்சின் நாடாவில் 18½ நிமிடம் வெறும் இரைச்சல். தொலைபேசியை எடுக்கும்போது கால் தவறிப் பதிவுக் கருவியின் மிதியில் பட்டிருக்கலாம் என்று அதிபரின் செயலாளர் அம்மாள் ரோஸ் மேரி வுட்ஸ் சொன்னார். அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும்தான் பொறுப்பேற்றார். எட்டிப் பிடித்துக்கொண்டு மிதிப்பதைப் படமெடுத்துக் காட்டச் சொன்னார்கள். அந்தப் புகைப்படத்தைப் பாருங்கள், யோகாசனம். குறைந்தது ஐந்து தடவையாவது அழித்திருக்கிறார்கள் என்று நிபுணர்கள் சொன்னார்கள்.

அதே மாணவர்: இன்று இது நடந்தால்?

2024 ஜூலை 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 6க்கு 3 என்ற கணக்கில், அதிபரின் அலுவல் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெரும் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. ஜூன் 23 பேச்சு அலுவல் பேச்சா, சொந்தப் பேச்சா என்று வாதாடியே ஒரு வழக்கறிஞர் இன்றைக்கு வீடு கட்டிவிடுவார். 1977இல் தொலைக்காட்சிப் பேட்டியில் நிக்சன், அதிபர் ஒன்றைச் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்றபோது உலகம் சிரித்தது. அவர் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார்.

இல்லத்தரசி, சுங்கை சிப்புட்: நிக்சன் விலகிய அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், கிராணி ஐயா?

தோட்டத்து ஆபீசில், அம்மா. எனக்கு 21 வயது, சின்ன கிராணி. அவர் விலகுவதாக அறிவித்தபோது வாஷிங்டனில் வியாழக்கிழமை இரவு 9 மணி. நமக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டரை. அப்போது நம் கடிகாரம் இப்போதைவிட அரை மணி பின்தங்கி ஓடியது. ரப்பர் வெட்டுக்காரர்கள் இன்னும் மர நிரையில் இருந்தார்கள், ரப்பர்ப் பால் எடுக்கும் மணி அடிக்கவில்லை. நான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிந்துகொண்டிருந்தேன். பெரிய கிராணியின் மேசையில் தோல் உறை போட்ட வானொலிப்பெட்டி. செய்தியைக் கேட்டுவிட்டு அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "மடையன். அந்த நாடாவையெல்லாம் கொளுத்தியிருந்தால் இன்றைக்கும் அவன்தான் அதிபர்."

நான் சிரித்தேன். சின்ன கிராணி சிரித்துத்தான் ஆக வேண்டும்.

பேரங்காடிக் காவலாளி, ஈப்போ: ஐயா, அந்த ஃபிராங்க் வில்ஸுக்கு என்ன பரிசு கிடைத்தது? அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கொஞ்ச நாள் புகழ் கிடைத்தது, தம்பி. நிலையான வேலை கிடைக்கவில்லை. 1983இல் 12 டாலர் காலணி ஒரு ஜோடி திருடியதாக ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. நிக்சனுக்கு மன்னிப்பு, இவருக்கு ஓராண்டு. 2000ஆம் ஆண்டில் 52 வயதில் இறந்தார். சென்ற இதழில் இதை எழுதாமல் விட்டேன்; உங்களை உற்சாகப்படுத்த நினைத்துத்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பழைய கணக்கு ஒன்றை வைக்கிறேன். நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

வானொலியில் அந்தச் செய்தி வந்து மூன்று மாதம். மழைக்காலம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மூன்றாம் லயத்து அக்கா ஒருவர், காலையில் தம் பையனைத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரிடம் கூட்டிப் போயிருந்தார். டிரஸர் நிறுத்துப் பார்த்து 40 ராத்தல் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மதியம் பால் ஸ்டோரில் காண்டா வாளிகளை இறக்கிய கையோடு, அக்கா பையனைத் தூக்கிப் பால் நிறுக்கும் தராசில் உட்கார வைத்துவிட்டார். 36 ராத்தல்.

"ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வருவதற்குள் என் பிள்ளை நான்கு ராத்தல் இளைத்துவிட்டானா, கிராணி?"

ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு. பையன் கையில் பிஸ்கோத்தோடு தராசில் ஆடிக்கொண்டிருந்தான். தராசைச் சரிசெய்யப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. தவறிவிட்டது, குறைந்ததற்குச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்று அன்றே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் புத்தகம் ஒன்று இருந்ததே. வெட்டுக்காரர்கள் பேரில் எழுதிய பாலைவிடத் தொட்டியில் அளந்த பால் மாதக்கணக்காகக் கூடுதலாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மேலிடத்திலிருந்து ஒருவர் கணக்குப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்ததும், பெரிய கிராணி எனக்குப் புதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, மூன்று மாதத்துத் தொட்டிக் கணக்கைக் குறைத்து எழுதச் சொன்னார். இரண்டு இரவு எழுதினேன். ஒரே நாளில் எழுதியது போலத் தெரியக் கூடாதென்று இரண்டு பேனா மாற்றினேன். ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே மைத்துளி விட்டேன். பழைய புத்தகம் ரப்பர் ஷீட் காய்ச்சும் புகைக்கொட்டகை அடுப்புக்குப் போனது. அவர் நிக்சன் இல்லையே, மடையனாக இருக்க.

அடுத்த வாரம் அக்காவுக்கு மலைநிரை போட்டார்கள். கிழட்டு மரங்கள், வழுக்குச் சரிவு, வாளியோடு இறங்க ஒரு மைல். யாருக்கு எந்த நிரை என்று பிரிப்பது பெரிய கிராணியின் உரிமை. காகிதத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் காகிதத்தை எழுதியதும் நான்தான்.

கணக்குப் பார்க்க வந்தவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கம் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சின்ன கிராணியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார்.

நன்றி ஐயா என்று சொன்னேன்.